மூன்று செகண்ட் கழித்து வந்த பதில்

மணி மூன்றே முக்கால். ராத்திரி இல்லை... பிற்பகல். ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. குதிரைக்கல் எஸ்டேட் பாக்டரியைத் தாண்டி மேல் டிவிஷனுக்கு ஏறுகிற ஜீப் ரோடு. தார் முடிந்து கல் தொடங்குகிற இடம். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் கிராண்டிஸ் என்கிற தைல மரங்கள். அதற்கு மேல் ஒரு ஆள் கிடையாது, ஒரு மாடு கிடையாது. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டது. வண்டியின் விளக்கு வெளிச்சம் பத்தடி போய் அங்கேயே நின்றது.

ஜீப்பில் இரண்டே பேர். ஓட்டுகிறவர் மாரீஸ்வரன், மூணாறு ஸ்டாண்டில் முப்பது வருஷமாக வண்டி வைத்திருக்கிறவர். பக்கத்தில், மடியில் பையை அணைத்துக்கொண்டு வினோ. நம் பிஜுவின் சித்தப்பா மகன். பிஜு கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தானே, ஒல்லியாக, கண்ணாடி போட்டு... அவன்தான். பிஜு இன்றைக்கு இங்கே இல்லாததால்தான் இந்தப் பேச்சு. இருந்தால் எழுந்து போய்விடுவான்.

வினோவின் வேலை என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

கொச்சியில் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற தொழில். மலையில் இருக்கிற பிள்ளைகள் நாற்பது பேரை, வீட்டில் இருந்தே செய்யட்டும் என்று எடுத்திருந்தார்கள். வீட்டில் இருப்பது ஒரு திரையும் கீபோர்டும்தான். வேலை நடக்கிற கம்ப்யூட்டர் கொச்சியில் ஓர் அறைக்குள் இருக்கும். இங்கே ஒரு எழுத்தை அடித்தால் அது கொச்சிக்குப் போய், அங்கே பதிந்து, அதன் படம் திரும்பி வந்து இங்கே திரையில் தெரியும். அந்தப் போய்வருகிற நேரத்தை லேட்டன்சி என்பார்கள். மில்லிசெகண்டில் அளப்பார்கள். ஆயிரம் மில்லிசெகண்ட் சேர்ந்தால் ஒரு செகண்ட். ஐம்பது என்றால் கண்ணுக்கே தெரியாது. நூற்றைம்பதைத் தாண்டினால் எரிச்சல் வரும். முந்நூறு வந்தால் கீபோர்டைத் தூக்கி அடுப்பில் போடலாம் போலிருக்கும்.

மழை தொடங்கியதும் எல்லா வீட்டிலிருந்தும் புகார். அதனால் கம்பெனி வினோவை அனுப்பியது. வீடு வீடாகப் போக வேண்டும். தன் லேப்டாப்பை அந்த வீட்டு லைனில் சொருகி, கொச்சிக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று குறிக்க வேண்டும். அந்த எண்ணைப் போட்டோ எடுத்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில் கீழ் டிவிஷனில் கற்பகம் என்ற பெண் வீட்டில் இருநூற்று எண்பது வந்தது.

"இத வச்சுக்கிட்டு எப்படிக்கா வேல பாக்கீக?" என்று கேட்டான் வினோ.

"தெரையப் பாத்தாத்தான தம்பி கோவம் வரும். நான் பாக்கவே மாட்டேன். வரிசையா அடிச்சு அனுப்பிச்சுட்டுச் சும்மா உக்காந்திருப்பேன். எழுத்து பின்னால ஒவ்வொண்ணா வந்து சேரும்" என்று சிரித்தாள் கற்பகம்.

முப்பத்தொன்பது வீடு முடிந்துவிட்டது. கடைசிப் பெயர் ஞானஜோதி. கம்பெனிக் காகிதத்தில் இருந்த விலாசம்: மேல் டிவிஷன், ஏழாம் லயம், மூன்றாம் வீடு. அந்தப் பெண்ணைப் பற்றிக் கொச்சியிலிருந்து தனியாகப் போன் வந்திருந்தது. பத்தொன்பது நாளாக அவள் திரையை மூடவே இல்லையாம். வேலையும் செய்யவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஆனால் லைன் உயிரோடு இருக்கிறது. இங்கிருந்து தட்டினால் அங்கிருந்து பதில் வருகிறது... மூன்று செகண்ட் கழித்து. போய்ப் பார்த்து அவளை வெளியேறச் சொல், இல்லையென்றால் நாளைக்குப் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள். ஒரு பிள்ளையின் வேலை போகிற விஷயம். அதனால்தான் அந்த மஞ்சிலும் வினோ ஜீப்பைவிட்டு இறங்கினான்.

மண் சரிந்து ரோடு பாதி போயிருந்தது.

"இதுக்கு மேல வண்டி ஏறாது தம்பி. நடந்தா பத்து நிமிசம். நான் இங்கனயே நிக்கேன். வெரசா வந்துருங்க, ஆனை எறங்குற நேரம்" என்றார் மாரீஸ்வரன். அவர் டவுன்காரர். மேல் டிவிஷனுக்கு அவர் கடைசியாக வந்து இரண்டு வருஷம் இருக்கும்.

வினோ நடந்தான். தன் செருப்புச் சத்தம்... சரக், சரக். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். வேறொன்றும் இல்லை. பாதி தூரத்தில் ஒரு வாடை வந்தது. தைல மரத்து வாடை இல்லை. குழி வெட்டும்போது அடியிலிருந்து வருமே, பச்சைக் களிமண் வாடை... அது.

ஏழாம் லயம் தெரிந்தது. ஒரே வரிசையில் எட்டு வீடு. ஏழு வீட்டுக் கதவும் பூட்டிக் கிடந்தது. பூட்டின் மேல் பாசி. மூன்றாம் வீட்டுக் கதவு மட்டும் ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே நீல வெளிச்சம்.

டக்.

நின்று கேட்டான். ஒன்றும் இல்லை. ஒன்று... இரண்டு... மூன்று...

டக்.

யாரோ கீபோர்டில் ஒரே ஒரு எழுத்தை அடித்து, காத்திருந்து, மறுபடி அடிக்கிறார்கள். வினோவுக்கு நிம்மதியாக இருந்தது. ஆள் இருக்கிறது.

"ஞானஜோதிங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.

ஒரு பெண், இருபத்துமூன்று இருபத்துநாலு வயசு இருக்கும். பழுப்பு ஸ்வெட்டர், தலையில் துண்டு. திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. பதிலும் சொல்லவில்லை. காது கேட்காதோ என்று வினோ இன்னும் ஓரடி வைத்தான்.

"ஆமாண்ணே" என்றாள்.

"கம்பெனியில இருந்து வந்திருக்கேன். லைன் செக் பண்ணணும்."

பேசாமல் இருந்தாள். வினோ பையை இறக்கினான். கால் பட்டு ஒரு தகர டப்பா உருண்டது. மூடி கழன்று, தரையில் வட்டம் போட்டு, கிணிகிணி என்று ஆடி அடங்கி நின்றது.

மூடி நின்ற பிறகு... அந்தப் பெண் திடுக்கிட்டுத் தோளைக் குலுக்கினாள்.

"செக் பண்ணுங்கண்ணே" என்றாள்.

வினோ ஓரடி பின்வாங்கினான். ஆனாலும் கை வேலையைப் பார்த்தது. மேஜை மூலையில் மோடம் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதில் லேப்டாப்பைச் சொருகினான். கொச்சிக்குத் தட்டினான். மூவாயிரத்துப் பன்னிரண்டு. மறுபடி தட்டினான். மூவாயிரத்து ஒன்பது. மூவாயிரத்துப் பதினொன்று. போட்டோ எடுத்தான்.

"ஏம்மா, லாக்அவுட் பண்ணிட்டு எந்திரிங்க. நாளைக்குப் பேர எடுத்துருவாகளாம்."

ஒன்று. இரண்டு. மூன்று.

"அடிச்சிட்டேண்ணே. அது இன்னும் போய்ச் சேரல. போய்ச் சேந்தாத்தான எந்திரிக்க முடியும்."

"எப்ப அடிச்சீக?"

"இப்பத்தான்... வியாழக்கெழம."

"எந்த வியாழக்கிழம?"

அதற்கு மட்டும் பதில் வரவில்லை. மூன்று செகண்ட் போயிற்று. பத்து செகண்ட் போயிற்று. வரவே இல்லை. டக் என்று மறுபடி ஒரு அடி.

பக்கத்தில் போய்த் திரையைப் பார்த்தான். நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியேறும்போது வருமே, அந்த வட்டம். அவள் கண் அதிலேயே இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"அண்ணே... ஒரு உதவி செய்வீகளா? கொஞ்ச நேரம் இந்தச் சேர்ல உக்காந்து இதப் பாத்துக்கிடுதீகளா? ஆள் இல்லேன்னா லைன் போயிரும். நான் கீழ போயி எங்கம்மாவ ஒரு எட்டுப் பாத்துட்டு ஓடி வந்துருதேன். என்னயக் காணாம அழுதுக்கிட்டு இருக்கும்."

வினோ இளகின மனசுக்காரன். கேட்டதும் பாவமாக இருந்தது. சரி, உட்காருவோம், பத்து நிமிஷம்தானே என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே தற்செயலாகத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான்.

கரண்ட் மீட்டர் இருந்த இடத்தில் மரப்பலகை மட்டும் இருந்தது. மீட்டரைக் கழற்றியிருந்தார்கள். அறுத்த வயர் இரண்டும் துருப்பிடித்துத் தொங்கின. வீட்டில் கரண்டே இல்லை. அந்தத் திரை எதில் எரிகிறது... மோடம் எதில் சிமிட்டுகிறது...

வேண்டாம், ஓடிவிடுவோம் என்று நினைத்தான்.

அப்போதுதான் அவன் வாயிலிருந்து வந்தது.

"சரி, உக்காருதேன். பத்து நிமிசம்தான?"

அவன் சொல்லவில்லை. முன்னால் நினைத்தானே, அது. மூன்று செகண்டுக்கு முந்தின நினைப்பு இப்போதுதான் வாய்க்கு வந்து சேர்ந்தது.

வாயைப் பொத்த நினைத்தான். கை அசையவில்லை. வாயெல்லாம் பேசி முடித்து, மூடி, அதற்கப்புறம் கை மெதுவாக எழுந்து வாயைப் பொத்தியது. யாருடைய கையோ மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னான். கண் மட்டும் அவனுடையதாக இருந்தது. காது இருந்தது. உள்ளே பயம் இருந்தது. மற்ற உடம்பெல்லாம் தூரத்தில் எங்கேயோ இருந்தது.

லேப்டாப் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அவன் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. நாலாயிரம். ஐயாயிரத்து இருநூறு. ஆறாயிரம்.

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்படியொரு நிம்மதியை வினோ எந்த மனுஷர் முகத்திலும் பார்த்ததில்லை. இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினாள். எழுந்தாள். எழுந்தபோது ஈரத் துணியைக் கல்லிலிருந்து உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"வாங்கண்ணே" என்றாள்.

அவன் கால் போயிற்று. அவன் போகவில்லை, கால் போயிற்று. இரக்கப்பட்டு நினைத்தான் அல்லவா, சரி உட்காருவோம் என்று... அந்த நினைப்புக் காலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. திருப்பி அழைக்க முடியாது. வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே கத்திக்கொண்டே, தன் உடம்பு மேஜையைச் சுற்றிப் போய் அந்த நாற்காலியில் உட்காருவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலி ஜில்லென்று இருந்தது. ஆற்று மணலில் உட்கார்ந்த மாதிரி.

டக்.

அவன் விரல்தான். அவன் அடிக்கச் சொல்லவில்லை.

அவள் அவனுக்குப் பின்னால் இருந்தாள். திரும்பிப் பார்க்க முடியவில்லை. வெறும் காலால் ஈர சிமெண்ட் தரையில் நடக்கிற சத்தம். பட்... பட்... வாசல் பக்கம் போய் நின்றது. களிமண் வாடை இப்போது அவன் மூக்குக்குள்ளேயே இருந்தது. தன் ஸ்வெட்டரிலிருந்து வருகிறதோ என்று நினைத்தான். அவன் ஸ்வெட்டர் போட்டு வரவில்லை. குனிந்து பார்க்க முடியவில்லை.

லேப்டாப்பில் ஒன்பதாயிரம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஒரு நிமிஷம் ஆகிவிடும். அப்புறம் ஒரு நாள். அப்புறம்...

காலையில் கற்பகம் சொன்னது அந்த நேரத்தில் எப்படி ஞாபகம் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பார்க்காதே. வரிசையாக அனுப்பிவிட்டுச் சும்மா இரு.

அனுப்பினான். இடது கையை நீட்டு. மோடம் வயரைப் பிடி. பிடுங்கு. எழுந்திரு. இடது பக்கம் திரும்பு. ஐந்தடி. கதவு. மூன்று படி. ஓடு... ஓடு... ஓடு.

ஒன்றும் நடக்கவில்லை.

எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விரல் டக் என்றது. ஐந்து, ஆறு, ஏழு. பின்னால் வாசலில் நின்ற கால் மறுபடி உள்ளே திரும்பி நடந்தது. பட். எட்டு. பட். ஒன்பது. பத்து. காதுக்குப் பக்கத்தில், "ஏண்ணே..." என்று குரல். பதினொன்று.

கை நீண்டது. வயரைப் பிடித்தது. பிடுங்கியது.

திரையும் லேப்டாப்பும் சேர்ந்து அணைந்தன. வாசலை மஞ்சு அடைத்திருந்தது, உள்ளே கும்மிருட்டு. உடம்பு எழுந்தது. இடது பக்கம் திரும்பியது. ஆனால் அவன் கணக்குப் போட்டது நின்ற இடத்திலிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து இல்லை. ஐந்தடிக்குக் கதவு வரவில்லை, சுவர் வந்தது. நெற்றி மோதியது. கால் நிற்கவில்லை. சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு, சாவி கொடுத்த பொம்மை மாதிரி, நடந்துகொண்டே இருந்தான். மூக்கு உரசுகிறது, கண்ணாடி நெரிகிறது, கால் மட்டும் நட, நட என்கிறது. நில் என்று இப்போது சொன்னால் அது வந்து சேர இன்னும் எத்தனை செகண்டோ. அப்படியே சுவரோடு தேய்ந்து தேய்ந்து... ஒரு பக்கம் சுவர் இல்லாமல் போயிற்று. வாசல். உருண்டு படியில் விழுந்தான். எழுந்து ஓடினான்.

கீழே இறங்க இறங்க உடம்பு பக்கத்தில் வந்தது. முதலில் கால். அப்புறம் கை. ஜீப்பின் வெளிச்சம் தெரிந்தது. மாரீஸ்வரன் பீடியைப் போட்டுவிட்டு எதிரே ஓடிவந்தார்.

"என்ன தம்பி, ஆனையா? நெத்தியில என்ன ரத்தம்?"

வினோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கினான். ஒன்றுமில்லை என்று தலையைக்கூட ஆட்டினான். அதற்குப் பிறகுதான் அலறல் வந்தது. மேலே அந்த வீட்டுக்குள் அலறியது... இங்கே, ஜீப் பக்கத்தில், மாரீஸ்வரன் முகத்துக்கு நேரே. அந்த மனுஷர் பயந்து பின்வாங்கிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மணி ஐந்தேகால்.

பாக்டரி கேட்டில் வண்டி நின்றது. வாட்ச்மேன் ஏசுரத்தினம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மேல் டிவிஷனுக்கா போனீக? அங்க யாரு இருக்கா? மல வெடிச்சிருக்குன்னு போன கார்த்திகையிலயே எல்லாரையும் எறக்கியாச்சே. கரண்டும் அப்பவே அறுத்தாச்சு."

"ஞானஜோதின்னு ஒரு பொண்ணு..." என்றான் வினோ. நாக்குச் சரியாகப் புரண்டது.

"செபமாலையம்மா மகளா? அது கீழ் டிவிஷன்ல அம்மா வீட்டுல கெடக்கு. பாவம். அங்கனயே வேல பாத்துக்கிட்டு இருந்த பிள்ள அப்படியே சாஞ்சிருச்சு. கண்ணு முழிச்சுதான் இருக்கு, கூப்புட்டா ஏன்னு கேக்காது. ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்து, ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாக. இன்னையோட பத்தொம்பது நாளாச்சு."

மாரீஸ்வரன் வண்டியை டவுன் பக்கம் திருப்பினார். வினோ ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"கீழ் டிவிஷனுக்கு விடுங்கண்ணே."

"பைத்தியமா தம்பி? பேசாம ஊருக்குப் போவோம்."

"அந்த வயரப் பிடுங்குனது நாந்தாண்ணே. அந்தப் பிள்ளைக்கு என்னாச்சுன்னு பாக்காம நான் எப்படிப் போய்ச் சோறு திங்க?"

போனார்கள். வாசலில் கூட்டம். அழுகைச் சத்தம் கேட்டது. வினோ கூட்டத்தை விலக்கினான். உள்ளே போனால்... செபமாலையம்மாள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். கட்டிலில் ஞானஜோதி உட்கார்ந்திருக்கிறாள். அதே கண், அதே வெடித்த உதடு. கையில் பால் விடாத கட்டன் சாயா.

"அஞ்சு மணிக்கு மேல, அம்மான்னு கூப்பிட்டு எந்திரிச்சிருச்சு சாமி! மாதா கண்ணத் தொறந்துட்டா!" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா.

ஞானஜோதி வினோவைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கேண்ணே" என்றாள்.

"எப்படிம்மா இருக்..." என்று கேட்க வந்தவன் பாதியில் நிறுத்தினான். கேள்வி இன்னும் முழுசாக வாயைவிட்டு வரவில்லை.

"எனக்கு வேண்டாம்மா, இனிப்பு ஒத்துக்கிடாது" என்றாள் அவள், யாரும் எதுவும் கேட்காதபோது. எட்டு செகண்ட் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தட்டில் அல்வாவோடு உள்ளே வந்தாள்.

"மெழுகுவத்தி மாதா படத்துக்குப் பின்னால இருக்கு" என்றாள். வினோ இப்போது வாட்சைப் பார்த்தான். அது அவன் தொழில் ஆயிற்றே. ஒரு நிமிஷம் பத்து செகண்ட். கரண்ட் போயிற்று. இருட்டில் அம்மா தடவிக்கொண்டே, "மெழுகுவத்திய எங்கடி வச்சேன்?" என்று கேட்டாள்.

யாரும் கவனிக்கவில்லை. பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் இருந்தார்கள். வினோ மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான். அரை செகண்ட். எட்டு செகண்ட். ஒரு நிமிஷம் பத்து.

கதவோரம் நின்ற மாரீஸ்வரனைப் பார்த்து அவள், "ஸ்டெப்னியில காத்து இருக்கு மாமா, பயப்படாதீக" என்றாள். மாரீஸ்வரன் சிரித்துவைத்தார். மூணாறு டவுனுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, நாற்பது நிமிஷம் கழித்து, பின்சக்கரம் வெடித்தது.

ஆனால் அதற்கு முன்னால், வினோ அந்த வீட்டைவிட்டுப் புறப்படும்போது ஒன்று நடந்தது. கட்டிலருகே போய், வருகிறேன் என்று சொல்ல நின்றான். அவள் அவன் கையைப் பிடித்தாள். சூடான கை, உயிருள்ள கை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அழாதீகண்ணே" என்றாள். "அவுக ரொம்பக் கஷ்டப்படல. தூங்குன மாதிரித்தான் இருந்துச்சு."

வினோ அழவில்லை.

"பிள்ளைக்கு இன்னும் தெளியல தம்பி, நீங்க ஒண்ணும் நெனைக்காதீக" என்றாள் செபமாலையம்மாள்.

இது நடந்து இருபத்துமூன்று நாள் ஆகிறது. அவன் இன்னும் அழவில்லை. காத்துக்கொண்டிருக்கிறான்.

வேலையை விட்டுவிட்டான். யாரைச் சொன்னாள் என்று கேட்க ஒரு தடவை கீழ் டிவிஷன் வரைக்கும் போனானாம். லயத்து வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டான். கேட்டு, பேரைச் சொல்லிவிட்டாள் என்றால்? வீட்டில் அம்மாவும் பொண்டாட்டி ஜெஸ்னாவும். இரண்டு பேரையும் படி இறங்க விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இல்லை. மார்க்கெட்டுக்கு இல்லை. மழைத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஏழு மணிக்கே கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிடுகிறான். ராத்திரி மணிக்கொரு தடவை எழுந்து, இரண்டு பேர் மூக்குக்கும் கீழே விரலை வைத்துப் பார்க்கிறான். ஜெஸ்னா பிஜுவுக்குப் போன் போட்டு, ஜெயில்ல வச்ச மாதிரி வச்சிருக்காக, நீங்களாச்சும் வந்து கேளுங்க என்று அழுகிறாள்.

மகளை மட்டும் வெளியே போக விட்டுவிட்டான். ஒன்றாம் வகுப்பு, தினமும் பஸ்ஸில் போய்வருகிறது. சின்னப் பிள்ளையை யாராவது 'அவுக' என்று சொல்வார்களா, மரியாதை கொடுத்துச் சொன்னதால் அது பெரியவர்களில் ஒருத்தர்தான் என்று அவனுக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கில்தான் பாதி உயிரோடு இருக்கிறான்.

நம் பக்கத்தில் ஒருத்தரை மரியாதையாகச் சொன்னாலும் 'அவுக'தான். பல பேரைச் சேர்த்துச் சொன்னாலும் 'அவுக'தான்... பெரியவர், சின்னவர் எல்லாரையும் சேர்த்து.

அவனைப் பார்த்தால் நீங்கள் யாரும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.